ஏழாம் துளை

பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை, எட்டேகால்.
சேமநிதிக்குப் பணம் கட்ட இன்றுதான் கடைசி.
நான்கு கணினி. நான்கிலும் இண்டர்நெட் இல்லை.
திரையின் மூலையில் சின்ன மஞ்சள் முக்கோணம்,
உள்ளே ஓர் ஆச்சரியக்குறி.

‘சிலிம் ரிவர்ல மழை இறங்குனாலே இப்படித்தான்’
என்றபடி தவராஜா பசியாறப் போய்விட்டார்.
முதலாளி சொன்னால் மழைதான்.
ஆனால் மூன்று நாளாக வெயில்;
குலை ஏற்றிய லோரி ஒவ்வொன்றும்
கண்ணாடிக் கதவில் செம்மண் பூசிவிட்டுப் போகிறது.

தஞ்சோங் மாலிம் கியோங்குக்குப் போன் அடித்தேன்.
ஏதோ கூரைமேல் நிற்கிறான், காற்று இரைகிறது.
அடைத்துத் திறந்தாயா என்றான், மலாயில்.
அடைத்தேன். முப்பது எண்ணினேன். திறந்தேன்.
அதே முக்கோணம்.
கறுப்புத் திரையைத் திறந்து முகவரியைப் படி என்றான்.
169.254, பின்னால் ஏதோ இரண்டு எண்கள்.
‘அது யாரும் கொடுத்ததில்லை.
கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு
தானே வைத்துக்கொண்டது.
அந்த முகவரியோடு வாசலைத் தாண்ட முடியாது.’

சன்னாசி எடைச்சீட்டோடு வந்து நின்றார்.
‘லைன் இல்லையாம்மா?’
இல்லை என்றேன்.
‘எங்க லயனையே இடிச்சிட்டானுங்க,
இதுக்கு மட்டும் லைன் எங்கேருந்து வரும்?’
தானே சிரித்துவிட்டு
மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டார்.
அவர் பாரத்தில் இன்னும்
மூன்றாம் டிவிஷன், பதினெட்டாம் நம்பர் வீடு.
மாற்றச் சொல்லி இரண்டு முறை சொல்லியாயிற்று.

பெட்டியை விடு, மோடத்திலிருந்து
நேராக ஒரு கணினிக்குக் கொடு என்றான் கியோங்.
நோராய்னியின் மடிக்கணினியைத் தூக்கி வந்து செருகினோம்.
வந்தது. வங்கி, வானிலை, எல்லாம் வந்தது.
அப்படியென்றால் வெளியே ஒன்றும் அறுந்துபோகவில்லை.
கோளாறு எங்கள் அலமாரிக்கு அடியில்.

கைப்பேசி விளக்கை அடித்துக் குனிந்தேன்.
எட்டுத் துளை வைத்த பெட்டி.
பச்சை விளக்குகள் எல்லாம் ஒரே மூச்சில் துடித்தன,
சாமி வந்தவர்கள் மாதிரி.
ஒவ்வொன்றாகப் பிடுங்கு என்றான்.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
துடிப்பு நிற்கவில்லை.
ஐந்து.
சட்டென்று அமைதி.

ஐந்தில் இருந்த வயரைத் தடவிக்கொண்டே போனேன்.
சாம்பல் நிறம். அழகாகச் சுருட்டி
ரப்பர் வளையம் போட்டிருந்தது.
சுருட்டியது யாரென்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை கூட்டும்போது
வேலையை விட்டு ஜொகூருக்குப் போன கோமளாவின்
மேசைக்கடியில் அது தலை தொங்கிக் கிடந்தது.
தொங்குகிற எதையும் எனக்குப் பிடிக்காது.
சுருட்டி, கட்டி, கையில் மிஞ்சிய முனையை
சும்மா இருந்த ஏழாம் துளைக்குள் அழுத்தினேன்.
கரப்பான் புகாமல் இருக்குமே என்று.
டிக் என்ற அந்தச் சத்தம்கூட நன்றாக இருந்தது.

ஞாயிறு முழுக்க, ஆளில்லாத அறையில்
அந்தப் பெட்டி தன் பேச்சைத் தானே கேட்டு,
வேறு யாரோ சொன்னதென்று நம்பி,
மறுபடி எல்லாருக்கும் சொல்லியிருக்கிறது.
கோப்பிக்கடையில் காலையில் விட்ட வார்த்தை
சாயங்காலம் நம்மிடமே வந்து
‘சேதி தெரியுமா’ என்று கேட்குமே, அப்படி.
அந்தக் கூச்சலில்
முகவரி கேட்டு நின்றவனை யார் கவனிப்பது?

பிடுங்கிய நான்கையும் திரும்பச் செருகினேன்.
விளக்குகள் இப்போது தனித்தனியாக,
அவரவர் வேலைக்குத் தகுந்தபடி சிமிட்டின.
பதினொன்று நாற்பதுக்குள்
நாற்பத்து மூன்று பேரும் ஏறிவிட்டார்கள்,
சன்னாசி உட்பட, பழைய முகவரியோடு.

‘என்னவாம்?’ என்று வந்தார் தவராஜா.
‘வயர்’ என்றேன்.
‘நான்தான் சொன்னேனே, மழை’ என்றார்.
நோராய்னி வாயைத் திறக்கவில்லை.
நாளை அவளுக்கொரு நாசி லெமாக் என் செலவு.

சாம்பல் வயர் என் இழுப்பறையில் கிடக்கிறது.
ஏழாம் துளை திறந்தே இருக்கிறது.
கரப்பான் போனால் போகட்டும்.